இரண்டு இட்லிக்காக அறுவையைத் தள்ளிவைப்பது ஏன்? செல்லப்பிராணிகளுக்கான மயக்க மருந்தும் வீட்டில் செய்யவேண்டிய முன்தயாரிப்பும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நாய், பூனை வளர்ப்போர் கால்நடை மருத்துவமனைகளில் அடிக்கடி சந்திக்கும் குழப்பம் ஒன்று உண்டு. கருத்தடை அறுவைக்கு நாள் குறித்து, பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ ஆட்டோ பிடித்து நாயைக் கூட்டி வந்திருப்பார்கள். "காலையில் ஏதாவது சாப்பிட்டதா?" என்று மருத்துவர் கேட்பார். "ரெண்டே ரெண்டு இட்லிதான் சார், பசியில கத்திச்சு" என்று பதில் வரும். அன்றைய அறுவை அதோடு தள்ளிப்போகும். வந்தவருக்குக் கோபம் வருவது இயல்பே; ஒருநாள் கூலியும் வண்டி வாடகையும் போன பிறகு, இரண்டு இட்லி எப்படி ஓர் ஆபரேஷனையே நிறுத்தும் என்பது யாருக்கும் சட்டென்று விளங்காது.

இந்தக் கேள்வி முன்பைவிட இப்போது அதிகமாக எழுகிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாய்க்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றைச் செய்விப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று கூறுகின்றன. 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பின் கருத்தடை என்ற சொல் டீக்கடைப் பேச்சிலும் புகுந்துவிட்டது. ஆயினும் அறுவைக்கு முந்தைய இரவில் வீட்டில் என்ன செய்யவேண்டும், அதற்குக் காரணம் என்ன என்பது பேசப்படுவதே இல்லை. மயக்க மருந்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி, மருத்துவர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, வளர்ப்பவர் செய்ததிலும் சொன்னதிலும் முடிவாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

மாட்டுக்கு நின்றபடியே அறுவை, நாய்க்கு ஏன் முழு மயக்கம்?

இவ்விரு மாவட்டங்களிலும் மாட்டுக்கு வயிறு கிழித்து அறுவை செய்வதைக் கண்டவர்கள் பலர். பசு நின்றுகொண்டிருக்கும், விலாப்பக்கம் மயிர் மழித்து, லிக்னோகெயின் என்னும் மரத்துப்போகும் ஊசியை வரிசையாகப் போட்டு, கன்றையோ விழுங்கிய பிளாஸ்டிக் பையையோ வெளியே எடுத்துத் தைத்துவிடுவார்கள். இதைப் பார்த்தவர், "இவ்வளவு பெரிய மாட்டுக்கே மயக்கம் இல்லையே, நாய்க்கு எதற்கு?" என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

மாட்டை முழு மயக்கத்தில் படுக்கவைத்தால் அசைபோடும் வயிற்றில் காற்று தேங்கி உப்பும். அதிலுள்ள தீவனம் தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போகவும் கூடும். ஆகவே மாட்டு மருத்துவர் இயன்றவரை முழு மயக்கத்தைத் தவிர்க்கிறார். நாயின் நிலை வேறு. அறிமுகமில்லாத மேசையில், அறிமுகமில்லாத கைகளுக்கிடையே அது அசையாமல் நிற்காது. கருத்தடையில் கருப்பையையும் சினைப்பைகளையும் இழுத்து வெளியே எடுக்கும்போது உள்ளுறுப்பில் எழும் வலியைத் தோலில் போடும் ஊசி மறைக்காது. இரத்தக்குழாயைக் கட்டிக்கொண்டிருக்கும் நொடியில் நாய் துள்ளினால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

மூன்று சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. மரத்துப்போகும் ஊசி ஓரிடத்தின் உணர்ச்சியை மட்டும் நிறுத்துகிறது. நினைவு அப்படியே இருக்கும். தணிப்பு ஊசி விலங்கைச் சோர்வாக்கி அமைதிப்படுத்துகிறது. அது எழுப்பினால் எழும், வலித்தால் கடிக்கவும் செய்யும். முழு மயக்கத்தில் நினைவு, வலி, அசைவு மூன்றும் நின்றுபோகின்றன. அவற்றோடு இருமல், விழுங்குதல் ஆகிய காப்பு அனிச்சைகளும் நின்றுபோகின்றன. இட்லியின் கதை இந்தக் கடைசி வரியில்தான் தொடங்குகிறது.

மயக்கம் நான்கு கட்டங்களாக நடக்கிறது

1. முன்மருந்து. பதற்றத்தைத் தணிக்கவும், வலியை முன்கூட்டியே அடக்கவும் போடும் ஊசி. இது நன்றாக வேலை செய்தால், அடுத்து வரும் மருந்தின் அளவு கணிசமாகக் குறையும்.

2. மயக்கத்துக்குள் கொண்டுசெல்லுதல். நரம்பு வழியே புரோபோபால் அல்லது கெட்டமின் கலவை போன்ற மருந்து செலுத்தப்படும். நினைவு தவறியதும் மூச்சுக்குழாய்க்குள் டியூப் விடப்படும்.

3. மயக்கத்தை நிலைநிறுத்துதல். வசதியுள்ள இடங்களில் ஐசோபுளூரேன் வாயுவும் ஆக்சிஜனும். மற்ற இடங்களில் ஊசி மருந்தையே அவ்வப்போது கூட்டிக் கொடுப்பது.

4. மீட்சி. மருந்து நின்ற பின் விலங்கு தானாக விழுங்கி, தலை தூக்கி, எழுந்து நிற்கும் வரையிலான நேரம். வளர்ப்பவர் கவனம் தளர்வதும், அபாயம் தளராமல் இருப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

நம் பகுதியில் பரவலாகப் பயன்படும் சைலசின் (ஒரு தணிப்பு ஊசி), கெட்டமின் கூட்டணியைப் பற்றி இரண்டு செய்திகளை அறிந்திருந்தால் தேவையற்ற பயம் நீங்கும். சைலசின் போட்ட சில நிமிடங்களில் நாயும் பூனையும் வாந்தி எடுப்பது சகஜம், இதயத்துடிப்பும் குறையும். கெட்டமினில் கண்கள் மூடுவதில்லை. "முழிச்சுட்டே இருக்கும்போது அறுத்துட்டாங்க" என்று சிலர் பதறுவது அதனால்தான். நினைவு இருக்காது, கண் மட்டும் திறந்திருக்கும். விழி உலராமலிருக்க மருத்துவர் களிம்பு இடுவார்.

வயிற்றில் உணவு இருந்தால்

விழித்திருக்கும் நாய் வாந்தி எடுத்தால் தொண்டை மூடி சட்டென்று மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். தவறி ஒரு துளி உள்ளே போனாலும் இருமித் தள்ளிவிடும். மயக்கத்தில் இந்த இரண்டும் இல்லை. இரைப்பையிலிருந்து மேலேறும் உணவும் அமிலமும் தடையின்றி நுரையீரலுக்குள் வழிந்துவிடும். பெரிய கட்டி அடைத்தால் அங்கேயே மூச்சு நிற்கும். சிறிது கசிந்தாலோ இரண்டொரு நாளில் நிமோனியா காய்ச்சலாக வெளிப்படும். அமிலம் உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கி, அந்தப் புண் ஆறும்போது குழாய் சுருங்கி, சில வாரங்கள் கழித்து நாய் தின்றதையெல்லாம் கக்கத் தொடங்குவதும் உண்டு. அப்போது பழைய அறுவையை யாரும் நினைப்பதில்லை.

வாந்தியைத் தூண்டும் தன்மையுள்ள சைலசினையே முதல் ஊசியாகப் போடும் மருத்துவமனையில், வயிற்றில் உணவோடு வரும் நாயை ஏற்பது இரட்டை ஆபத்து. அறுவையைத் தள்ளிவைப்பவர் அங்கே தம் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

எத்தனை மணி நேரம் பட்டினி என்பதில் கருத்து மாறிவருகிறது. முன்பு 12 மணி நேரம் என்பதே பொது விதி. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நலமான, வளர்ந்த நாய், பூனைகளுக்கு 4 முதல் 6 மணி நேரம் போதும், தண்ணீரை நிறுத்தவேண்டியதில்லை என்கிறது. மிக நீண்ட பட்டினியில் இரைப்பையின் அமிலம் தேங்கி மேலேறும் வாய்ப்பு இருப்பதே காரணம். எனினும் நம் வீட்டு நாய் தின்பதென்ன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இரவில் கேழ்வரகுக் களியும் கறிக்குழம்பும் எலும்பும் தின்ற வயிறு, அளவாகத் தீவனம் தின்ற வயிற்றைப் போல விரைவில் காலியாகாது. கொழுப்பும் கட்டியான உணவும் இரைப்பையில் கூடுதல் நேரம் தங்கும். காலை 9 மணி அறுவைக்கு முந்தைய இரவு 9 மணிக்குள் வழக்கத்தைவிடக் குறைவான, எளிய உணவு கொடுத்து நிறுத்துவது நடைமுறைக்கு ஏற்றது. உங்கள் மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதுவே முடிவு.

பட்டினி போட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பதற்கும், நாய் உண்மையில் பட்டினி இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் விடியற்காலையில் குப்பைமேட்டில் கோழிக்குடலைத் தின்றுவிட்டு நல்ல பிள்ளையாகத் திண்ணையில் வந்து படுத்திருக்கும். அன்றிரவு மட்டுமாவது கட்டிப்போடவேண்டும், அல்லது அறையில் அடைக்கவேண்டும். பூனையை முந்தைய மாலையே உள்ளே பிடித்துவைப்பது நல்லது. காலையில் தேடினால் கிடைக்காது. வீட்டுக் குழந்தைகளிடமும் பாட்டியிடமும் தனித்தனியாகச் சொல்லிவைக்கவேண்டும், ஏனென்றால் பிஸ்கட் அந்தக் கைகளிலிருந்தே வருகிறது.

இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. எட்டு வாரத்துக்கும் குறைவான குட்டிகளுக்கு உடலில் சர்க்கரைச் சேமிப்பு சொற்பம். அவற்றுக்கு 1 முதல் 2 மணி நேரத்துக்கு மேல் பட்டினி கூடாது. இன்சுலின் போடும் நாய்க்கு உணவையும் ஊசியையும் எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். முயல் வாந்தி எடுக்க இயலாத விலங்கு. பட்டினி போட்டால் குடல் அசைவு நின்று அதுவே உயிருக்கு வினையாகும் என்பதால், அதற்குப் புல்லைத் தொடர்ந்து கொடுப்பார்கள்.

உண்ணியும் இரத்தப் பரிசோதனையும்

"குட்டி நல்லா ஓடியாடுது, எதுக்கு பிளட் டெஸ்ட்?" என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான மயக்க மருந்துகளைச் சிதைப்பது கல்லீரல், வெளியேற்றுவது சிறுநீரகம். இவ்விரண்டில் ஒன்று பழுதாக இருந்தால் மருந்து வெளியேற நேரம் பிடிக்கும், நாய் எழுவதும் தாமதமாகும். வயதான நாய்க்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்கச் சொல்வது இதற்காக. ஆனால் தமிழகத்து நாய்களைப் பொறுத்தவரை இளம் நாய்க்கும் இரத்தம் பார்க்க வலுவான காரணம் ஒன்று உள்ளது. அது உண்ணி.

மாட்டுத்தொழுவம், ஆட்டுப்பட்டி, நாய் மூன்றும் ஒரே முற்றத்தில் இருக்கும் வீடுகளில் உண்ணி இல்லாத நாயைக் காண்பது அரிது. உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கிறது. நலமான நாயின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் தட்டணுக்கள் ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். நாள்பட்ட உண்ணிக் காய்ச்சலில் இது சில ஆயிரங்களுக்கும் இறங்கக்கூடும். வெளிப்பார்வைக்கு நாய் சற்று மெலிந்திருக்கும், அவ்வளவே. வாலாட்டும், குரைக்கும், சாப்பிடும். வயிற்றைத் திறந்த பின்புதான் இரத்தம் நிற்காமல் கசிவது தெரியவரும். அதற்குப் பிறகு ஊரில் "மயக்க ஊசி தாங்காம செத்துப்போச்சு" என்று பேச்சு பரவும். கொன்றது ஊசியாக இருக்காது.

ஆகவே தட்டணு குறைவு என்று அறிந்ததும், டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக்கொடுத்து நான்கு வாரம் கழித்து வரச் சொல்லும் மருத்துவரைச் சாக்குச் சொல்பவர் என்று நினைக்கக் கூடாது. வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். உதட்டைத் தூக்கி, ஈறில் விரலால் அழுத்தி எடுத்தால் அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறே வெளிறியிருந்தாலோ, அடிவயிற்றின் மயிரில்லாத தோலில் சிவப்புப் புள்ளிகள் தென்பட்டாலோ அறுவை நாளுக்கு முன்பே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மறைக்கக் கூடாத செய்திகள்

மருத்துவர் கேட்டால் மட்டும் சொல்வோம் என்றிருப்பது நம் வழக்கம். கீழ்க்கண்டவற்றை அவர் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும்.

1. உண்ணி மருந்து. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையே நாய்க்கும் பூசுவது பரவலான பழக்கம். அமிட்ராஸ் கலந்த மருந்து, உடலில் சைலசின் வேலை செய்யும் அதே ஏற்பிகளில் (மருந்து ஒட்டிச் செயல்படும் இடங்களில்) வேலை செய்கிறது. முந்தைய நாள் அதில் குளிப்பாட்டிய நாய்க்குச் சைலசின் போட்டால் இரண்டின் விளைவும் கூடி, இதயத்துடிப்பு அளவுக்கு மீறிக் குறையலாம். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் டப்பாவையே கொண்டுசெல்லலாம்.

2. எலி மருந்து. தானியக் கிடங்கிலும் மாமரத்தோப்புக் கொட்டகையிலும் வைக்கும் எலி கேக்குகளில் சில, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. நாய் அதைத் தின்றதாகச் சந்தேகம் இருந்தாலே சொல்லவேண்டும். விளைவு தெரியவே சில நாட்கள் ஆகும்.

3. ஏற்கெனவே கொடுத்த மாத்திரைகள். சொறிக்காகத் தொடர்ந்து ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், அதோடு வலி நிவாரணி சேரும்போது இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசியலாம். நீண்டநாள் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

4. சினைப்பருவம். அப்போது கருப்பைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் தடித்திருப்பதால் இரத்தப்போக்கு கூடும். இரண்டு மூன்று மாதம் தள்ளிச் செய்வது வழக்கம். இணைசேர்ந்திருந்தால் அதையும் சொல்லவேண்டும்.

5. வலிப்பு, மயங்கி விழுதல், ஓடினால் இருமல், முன்பொரு மயக்கத்தில் ஏற்பட்ட தொல்லை.

எடை, இனம், வயது

மருந்தின் அளவு உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிடப்படுகிறது. 18 கிலோ நாயைக் கண்ணால் பார்த்து 25 கிலோ என்று எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் மருந்து உள்ளே போகும். மருத்துவமனையில் எடைமேடை இல்லையென்றால், உரக்கடைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும், தனியாக ஒருமுறையும் நின்று கழித்துப் பார்த்து, தாளில் எழுதிக் கொண்டுபோகலாம். இதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டைநாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டால் போன்ற பழைய மயக்க மருந்துகளில் இத்தகைய ஒல்லி இனங்கள் எழ நீண்டநேரம் பிடிக்கும், உடல் சூடும் விரைவில் இறங்கும். கொழுத்த லாப்ரடாரில் நேர்மாறான சிக்கல்: கொழுப்பின் எடைக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் அது மிகை. ஓசூர்ப் பக்கம் பெருகியுள்ள பக், ஷிட்சு, பெர்சியன் பூனை ஆகியவை மூக்கு சப்பையானவை. அவற்றின் தொண்டைத்தசை மயக்கத்திலும் மீட்சியிலும் மூச்சுவழியை அடைக்கக்கூடியது. இவற்றுக்கு டியூப்பும் ஆக்சிஜனும் இல்லாத இடத்தில், தள்ளிவைக்கக்கூடிய எந்த அறுவையும் செய்துகொள்ளக் கூடாது.

அபாயம் உண்மையில் எவ்வளவு?

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை சுமார் 98,000 நாய்களின் மயக்கத்தைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், நலமான நாய்களில் மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு சுமார் 0.05 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,000-இல் ஒன்று. ஏற்கெனவே நோயுற்ற நாய்களில் அது 1.33 சதவீதம், அதாவது 75-இல் ஒன்று. மருந்தைவிட, மருந்து போகும் உடலின் நிலையே அபாயத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. மேலும், அறுவை முடிந்த பின் இறந்த நாய்களில் ஏறத்தாழ பாதி, முதல் மூன்று மணி நேரத்துக்குள் இறந்தவை.

மருத்துவர்கள் உடல்நிலையை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். கருத்தடைக்கு வரும் நலமான நாய் முதல் தரம். கருப்பையில் சீழ் கோத்து, தண்ணீர் குடித்துக் குடித்துச் சோர்ந்துவரும் நாய் நான்காம் தரமாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது நாய்க்கு நான்கு வாரம் காத்திருக்க வழியில்லை. ஆனாலும் சில மணி நேரம் ட்ரிப்ஸ் ஏற்றி, இரத்த அழுத்தத்தைத் தூக்கிய பின் மேசைக்குக் கொண்டுபோனால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். "உடனே அறுங்க சார்" என்று நெருக்கும் உறவினர் அந்தச் சில மணி நேரத்தைப் பறிக்கிறார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது பழியைத் தட்டிக்கழிக்க என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த நேரம் கேள்வி கேட்பதற்கான நேரம். டியூப் போடுவீர்களா, ஆக்சிஜன் இருக்கிறதா, நரம்பில் ஊசிவழி வைத்திருப்பீர்களா, அறுப்பவரைத் தவிர மூச்சையும் துடிப்பையும் பார்க்கத் தனியாக ஒருவர் இருப்பாரா என்று கேட்கலாம். இந்த நான்கில் கடைசிக் கேள்வியே முக்கியமானது. விலையுயர்ந்த கருவி மூலையில் நின்று யாரும் பாராதிருப்பதைவிட, ஸ்டெதஸ்கோப்புடன் அருகில் நிற்கும் ஓர் உதவியாளர் மேல். இளம், நலமான நாட்டுநாயின் கருத்தடையை அருகிலுள்ள மருத்துவமனையில் ஊசி மயக்கத்திலேயே செய்துகொள்ளலாம். இதயநோய், மூக்கு சப்பை இனம், நீண்ட எலும்பு அறுவை ஆகியவற்றுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கோ செல்லும் சிரமத்துக்குப் பொருள் உண்டு.

திரும்பும் வழியும் முதல் இரவும்

நாய் தானாகத் தலையைத் தூக்கி விழுங்கத் தொடங்கும் வரை மருத்துவமனையை விட்டுக் கிளம்பக் கூடாது. இருவர் நடுவே சாக்கில் சுருட்டி, இருசக்கர வண்டியில் கொண்டுபோவது மிகத் தவறானது. கழுத்து மடங்கினால் மூச்சுவழி அடைபடும், அதைக் கவனிக்கவும் யாராலும் முடியாது. ஆட்டோவில் பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்தை நீட்டி, நாக்கு வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, வழியில் அவ்வப்போது ஈறின் நிறத்தைப் பார்க்கவேண்டும். வெளிறினாலோ நீலம் பூத்தாலோ வண்டியைத் திருப்பவேண்டும்.

மயக்கத்தில் உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் திறனை இழக்கிறது. தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதியின் மார்கழி இரவில் சிமெண்ட் தரையில் கிடத்தினால் சூடு இறங்கி மீட்சி தாமதமாகும். சாக்கும் போர்வையும் விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி அருகே வைக்கலாம். நேரடியாக வைத்தால், உணர்வற்ற தோல் வெந்துவிடும். கிணற்றடி, மாடிப்படி, மற்ற நாய்கள் இருக்கும் இடம் ஆகியவற்றில் விடக் கூடாது. தள்ளாடும் நாயைக் கூடவளர்ந்த நாயே கடிப்பதுண்டு.

வாயைப் பிளந்து தண்ணீரோ பாலோ ஊற்றவே கூடாது. நன்றாக எழுந்து நடந்த பின் சிறிது தண்ணீரும், அது தங்கிய பின் இரண்டு கைப்பிடி தயிர்ச்சோறும் போதும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுப்பது பெரும் பிழை. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். ஐபுப்ரோபென், டைக்லோபெனாக் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தையலில் மஞ்சளோ வேப்பெண்ணெயோ தடவவேண்டாம், ஈரம் படாமல் வைத்திருந்தால் போதும். நக்காமலிருக்கக் கூம்புக் காலர் மாட்டவேண்டும். கிடைக்காவிட்டால் பழைய பனியனின் கைத்துளைகளில் முன்கால்களை நுழைத்துப் போட்டு, முதுகில் முடிச்சிட்டு வைக்கலாம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதற்குள் தையலோரம் சிவந்து வீங்கினாலும், நீர் வடிந்தாலும், மறுநாளும் உணவைத் தொடாமல் சுருண்டு கிடந்தாலும், அறுத்த மருத்துவரிடமே திரும்பக் காட்டவேண்டும். என்னென்ன மருந்து, எந்த அளவில் போனது என்ற விவரம் அவரிடம்தான் இருக்கும்.